நாட்டு வைத்தியரோடு சேர்ந்து சுகாதாரப் பணி செய்யலாமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் 14 ஆண்டுகளாகக் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார். ஊருக்குள் பரம்பரை வைத்தியர் ஒருவரும் இருக்கிறார். வயது 70-ஐத் தாண்டியிருக்கும். மஞ்சள் காமாலை, மூட்டுவலி, சர்க்கரை என்று எதற்கும் மக்கள் முதலில் அவரிடம்தான் போகிறார்கள். நாங்கள் விழிப்புணர்வு முகாம் போட்டால் 10 பேர் வருவார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் காலை 7 மணிக்கே 20 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். சென்ற மாதம் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு அவருடைய சூரணத்தைச் சாப்பிட்ட ஒருவர், சர்க்கரை ஏறி மயங்கி மாவட்ட மருத்துவமனைக்குப் போனார். "அந்த ஆளோடு எந்தச் சகவாசமும் வேண்டாம்" என்கிறார் எங்கள் மருத்துவ அலுவலர். மேலிடத்துக் கூட்டங்களிலோ "ஒருங்கிணைந்து செயல்படுங்கள்" என்கிறார்கள். இவர்களோடு சேர்ந்து சுகாதார மேம்பாட்டு வேலை செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது? ஏதாவது தவறு நடந்தால் அது யார் தலையில் விழும்?

பதில்:

அன்புள்ள சகோதரி,

10 பேர், 20 பேர் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். அந்த 20 பேரும் விவரம் தெரியாமல் அங்கே போய் உட்காரவில்லை. வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், வயிறு கழிந்ததா, தூக்கம் வந்ததா, மகன் பணம் அனுப்பினானா என்று கேட்கிறார். நம் புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப் பொழுதில் ஒரே மருத்துவர் 100 பேரைப் பார்த்தால், ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் வரும். இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். ஒருவருடைய சாப்பாட்டை மாற்ற முடியாது. சுகாதார மேம்பாடு என்று நாம் பெரிய பெயர் வைத்திருக்கும் வேலையில் ஒரு பங்கு அந்தத் திண்ணையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. இன்னொரு பங்கு அங்கே நடப்பதில்லை. சில சமயம் அதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு மயங்கிய உங்கள் சூரணக்காரர் அதற்குச் சாட்சி.

அதனால் என் பதில்: சேரலாம். ஆனால் துறையின் வாசகங்களை ஒப்பிக்கும் ஒலிபெருக்கியாக அவரை ஆக்கப் பார்த்தால், ஒரே மாதத்தில் இரண்டு பேரும் மனம் கசந்து பிரிவீர்கள். அவர் கண்ணில் படுகிற, உங்கள் கண்ணில் படாத ஏதோ ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

முதலில் உங்கள் மருத்துவ அலுவலருக்கு ஒரு வார்த்தை. இது நீங்களாகக் கிளப்பிய விபரீத யோசனை இல்லை. 1978-ல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் பற்றி வெளியிட்ட பிரகடனத்திலேயே, தேவைப்படும் இடங்களில் மரபு வைத்தியர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது சித்தா, ஆயுர்வேத மருத்துவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தின் கூரைக்குள்ளேயே கொண்டுவருவது கொள்கையாயிற்று. கூரை ஒன்றாயிற்று, வேலை ஒன்றாகவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில் ஓர் அறை, தனி ஓ.பி. சீட்டு, தனிப் பதிவேடு. இந்த அறையில் என்ன கொடுத்தார்கள் என்பது அந்த அறைக்குத் தெரியாது. கூட்டங்களில் "ஒருங்கிணைந்து" என்று சொல்கிறவர்கள் இந்தத் தாழ்வாரத்தை ஒருமுறை நடந்து பார்த்தால் நல்லது.

இனி, தொடங்கும் இடம். நீங்களே சொல்லிவிட்டீர்கள்: மஞ்சள் காமாலை.

நான் பணியில் இருந்த ஒரு வட்டாரத்தில் கீழாநெல்லி கொடுக்கும் வைத்தியர் ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டில் தேதி, பெயர், தெரு, எத்தனை வேளை மருந்து என்று எழுதி வைத்திருப்பார். வேறொரு விசாரணைக்காகப் போனபோது தற்செயலாக அந்த நோட்டைப் புரட்டினேன். மூன்று வாரத்தில் ஒரே தெருவிலிருந்து ஒன்பது பேர். எங்கள் பதிவேட்டில் அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு காமாலை. மற்ற எட்டுப் பேரும் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. சுகாதார ஆய்வாளரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். குடிநீர்க் குழாய் சாக்கடையைக் குறுக்கே கடந்து போகும் இடத்தில் இணைப்பில் கசிவு. தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்துக் குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் மஞ்சள் நிறமே எழவில்லை. குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அங்கே அது பூஜ்யம்.

இதில் கவனிக்க வேண்டியது காலம். ஹெபடைட்டிஸ் ஏ கிருமி உள்ளே போய்க் கண் மஞ்சளாக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஹெபடைட்டிஸ் இ-க்கு அதைவிடவும் நாள் பிடிக்கும். கண் மஞ்சளான முதல் ஆளை நீங்கள் பார்க்கும்போதே தண்ணீர் கெட்டுப் பல நாள் ஆகியிருக்கிறது. அந்த முதல் ஆள் போவதும் வைத்தியரிடம். அப்படியென்றால் ஊரில் காமாலைக்கு முதல் மணி அடிக்கக்கூடியவர் அவர்தான். மணியின் கயிறு எங்கே இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் கேட்க வேண்டியது சின்ன உதவி. ஒரே தெருவிலிருந்தோ ஒரே பள்ளியிலிருந்தோ ஒரு வாரத்தில் மூன்று பேர் வந்தால் உங்கள் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு. மருந்து கொடுப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டாம். வந்தவர்களை விரட்டவும் சொல்ல வேண்டாம். தெருப் பெயர் போதும். நோய்க் கண்காணிப்புக்காக நீங்கள் அனுப்பும் எஸ் படிவத்தில் காமாலைக்கும் இடம் இருக்கிறது. அந்த எண்ணிக்கை முதன்முறையாக உண்மையாக இருக்கும்.

கீழாநெல்லி வேலை செய்கிறதா என்று அவரோடு வாதம் பண்ணத் தோன்றும். வேண்டாம். 1988-ல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களிடம் கீழாநெல்லி நல்ல பலன் தந்ததாக லான்செட் இதழில் எழுதி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடுவது. மருந்து கொடுத்தவருக்கு அந்தப் பெயர் போகட்டும், நமக்கு அதில் நட்டமில்லை. நட்டம் வேறு இடத்தில். காமாலை வந்தவர் கர்ப்பிணியாக இருந்தால், அதுவும் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைட்டிஸ் இ ஆக இருந்தால், 100-க்கு 20 முதல் 25 பேர் வரை இறந்ததாகப் பதிவுகள் உண்டு. ஆகவே கர்ப்பிணி, பிறந்த குழந்தை, தூக்கக் கலக்கமாகவோ பிதற்றிக்கொண்டோ இருப்பவர், வாந்தி நிற்காதவர், எங்கிருந்தாவது இரத்தம் கசிபவர், நான்கு வாரம் ஆகியும் மஞ்சள் இறங்காதவர்: இவர்களை அவர் ஒரு வேளை மருந்துகூடக் கொடுக்காமல் அன்றைக்கே அனுப்ப வேண்டும். கண்ணில் சாறு விடுவது, கையில் சூடு போடுவது இரண்டும் கூடாது. இந்தப் பேச்சை முதல் நாளே பேசாதீர்கள். முதல் தெருப் பெயரை அவர் சொல்லி, நீங்கள் போய்க் குழாயைச் சரிசெய்து, அதைத் திரும்ப வந்து அவரிடம் சொன்ன பிறகு பேசுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது அவர் காதில் ஏறும்.

திரும்ப வந்து சொல்வதை மறந்துவிடாதீர்கள். நம் துறைக்கு இந்தப் பழக்கம் அறவே கிடையாது. ஒருவர் நம்பி ஒரு நோயாளியை அனுப்புகிறார். நாம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறோம். நோயாளி பிழைத்தாரா, என்ன நோய், எப்போது வீடு திரும்பினார் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த முறை அவர் ஏன் அனுப்ப வேண்டும்? ஒரு துண்டுச் சீட்டு போதும்: "நீங்கள் அனுப்பிய அம்மாவுக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மருந்து தொடங்கிவிட்டோம்." இப்படி இரண்டு சீட்டு போனால், மூன்றாவது நோயாளி தானே வருவார்.

காசநோய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆடாதோடை இலைச் சாற்றை இருமலுக்கு அவர் கொடுப்பார்; கொடுக்கட்டும். நம் மருந்தகத்திலிருந்த புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளின் வழியில் வந்ததுதான். இதை அவரிடம் சொல்லுங்கள், முகம் மலரும். கூடவே இதையும் சொல்லுங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சாறு தொடர்ந்தாலும் சளியைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் சூரணக்காரர். மாத்திரையை நிறுத்தச் சொன்னது வைத்தியரா, அல்லது சூரணம் கிடைத்த தைரியத்தில் அவரே நிறுத்திவிட்டாரா? கடிதத்தில் அது இல்லை. கேட்டீர்களா? என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது, ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும் என்கிறார்கள், சூரணமோ 48 நாள்தான். எது கவர்ச்சி? வைத்தியரிடம் போய் "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். "அவர் மாத்திரையை நிறுத்தியது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றுதான் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கலாம்.

தெரியாமல் போனதற்கு நாமும் ஒரு காரணம். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. தன்னார்வலர் மாத்திரையைக் கொடுக்கிறார், கையெழுத்து வாங்குகிறார், அடுத்த வீட்டுக்குப் போகிறார். வாங்கிய மாத்திரை அலமாரிக்குப் போகிறதா, வயிற்றுக்குப் போகிறதா என்று யார் பார்க்கிறார்கள்? உங்களையும் கேட்கிறேன்: கடைசியாக ஒரு நோயாளியிடம் "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று எப்போது கேட்டீர்கள்?

கேட்கும் விதமும் இருக்கிறது. "நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று புருவத்தை உயர்த்திக் கேட்டால், பாட்டி "ஐயோ, இல்லை தாயி" என்பார், முந்தானையில் பொட்டலம் இருக்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "பாட்டி, மாத்திரையோடு சேர்த்து வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்? ஆவாரம்பூவா, சிறுகுறிஞ்சானா, வெந்தயமா? எது உங்களுக்குக் கேட்கிறது?" பாட்டி பொட்டலத்தை எடுத்துக் காட்டுவார். எடுத்துக் காட்டியதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். நோயாளி அட்டையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அச்சடித்த கட்டம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம், ஓரம் தாராளமாக இருக்கிறது.

எழுதியபின் பார்க்க வேண்டியவை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரையோடு சூரணமும் சேர்ந்து, பத்தியம் என்று சாப்பாடும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். நடு இரவில் வியர்வை, நடுக்கம், குழறல். வீட்டில் யாராவது அதைப் பேய் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வாயில் சர்க்கரை போட வேண்டும் என்பதை வைத்தியரும் சொல்ல வேண்டும், நீங்களும் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தக்காரர் இருமலுக்கு என்று அதிமதுரத்தை நாள்கணக்கில் மென்றால் அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். வலிப்புக்கு பெனிட்டாய்ன் சாப்பிடுபவர் சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகத்தைத் தினமும் எடுத்தால், மிளகிலுள்ள பைப்பரின் அந்த மாத்திரையின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். பரிசோதித்துப் பார்த்தவர்கள் எழுதி வைத்தவை இவை.

மூட்டுவலிக்குப் பொட்டலம் வாங்குபவர்களைத் தனியாகப் பாருங்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி பிரமாதம், முகம் உப்பி வட்டமாகிவிட்டது என்றால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். வைத்தியர் கலக்காமலும் இருக்கலாம். அவர் மொத்தமாக வாங்கும் இடத்திலேயே கலந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் பொடியைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். இன்னொரு கேள்வி, இதை வைத்தியரிடமே நேராகக் கேட்கலாம்: "ஐயா, இது மூலிகையா, பற்பம் செந்தூரமா?" மூலிகை என்றால் ஒரு பேச்சு. பாதரசமோ ஈயமோ சேர்ந்த மருந்து என்றால், வீட்டுப் புடத்தில் எரித்தது கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் போகவே கூடாது. காரணம் தெரியாத வயிற்றுவலியும் மலச்சிக்கலும் சோகையும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால் ஈயத்தை நினையுங்கள்.

சகோதரி, இதுவரை பேசியதெல்லாம் மருந்துதான். மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பது நம் இரு தரப்புக்கும் பொதுவான வியாதி. 1986-ல் கனடாவின் ஒட்டாவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் மாநாடு வெளியிட்ட சாசனம் சுகாதார மேம்பாடு என்பதை வேறு மாதிரி சொன்னது: மக்கள் தங்கள் உடல்நலத்தின் மீது தாங்களே கூடுதல் பிடிமானம் பெறச் செய்யும் வேலை. அதில் ஊசியும் இல்லை, சூரணமும் இல்லை. பள்ளி வாசலில் புகையிலை விற்கும் கடை, தெருவிளக்கு இல்லாததால் மாலையில் நடக்க முடியாத பெண்கள், மூடி இல்லாத தண்ணீர்த் தொட்டி, இவையெல்லாம் அதில் வரும்.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். 2012-ல் டெங்கு பரவியதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் நிலவேம்புக் குடிநீர் ஊற்றுகிறோம். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. டம்ளரோடு வரிசையில் நிற்கிறார்கள், முகத்தைச் சுளித்துக் குடிக்கிறார்கள், கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் சிமெண்டுத் தொட்டியில் புழு நெளிந்துகொண்டிருக்கிறது. குடிநீர் குடித்தவரையும் கொசு கடிக்கத்தான் செய்யும். நான் குடிநீரை நிறுத்தச் சொல்லவில்லை. வேறு எதற்கும் கூடாத கூட்டம் அதற்குக் கூடுகிறது என்கிறேன். அந்த வரிசையில் சித்த மருத்துவர் கரண்டியோடு நிற்கும்போது, பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொசுப்புழுவைப் போட்டு வையுங்கள். "இந்தப் புழு கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். வாரம் ஒரு நாள் தொட்டியைத் தேய்த்துக் கவிழ்க்காவிட்டால் நான் ஊற்றும் இந்தக் கசப்பு வீண்" என்று அவர் வாயால் வரட்டும். நீங்கள் சொன்னால் அது அரசாங்க அறிவிப்பு, அவர் சொன்னால் வைத்தியம். காய்ச்சல் விட்ட மறுநாள் வயிறு கடுமையாக வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஈறில் இரத்தம் வந்தாலோ குடிநீரை நம்பி உட்காராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

பத்தியமும் அப்படித்தான். நாம் "உப்பைக் குறையுங்கள்" என்றால் யாரும் குறைப்பதில்லை. வைத்தியர் "மருந்து எடுக்கும் நாள்வரை ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகாது" என்றால் வீடே கட்டுப்படுகிறது. இந்த அதிகாரத்தை நல்ல இடத்துக்குத் திருப்பலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணியிடம் "சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது" என்று அவர் பத்தியமாகச் சொன்னால், மாமியாரும் டீயை எடுத்து ஒளித்து வைப்பார். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று கீரையும் பழமும் நிறுத்துவது, வயிற்றுப்போக்கு வந்த குழந்தையைப் பட்டினி போடுவது, இவற்றில் அவரோடு நேராகவே மோத வேண்டியிருக்கும். அதற்குத் தயங்காதீர்கள்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதும், மூன்றாம் மாதத்திலேயே வசம்பும் ஜாதிக்காயும் இழைத்து உரை மருந்து புகட்டுவதும் உங்கள் ஊரில் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று நாம் சுவரில் எழுதுகிறோம். சுவரைப் படித்துவிட்டுத்தான் பாட்டி தேனைத் தொட்டு வைக்கிறார். தேனில், தசைகளை முடக்கும் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், ஒரு வயதுவரை தேன் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் நிலையத்துச் சித்த மருத்துவரை முன்னால் நிறுத்துங்கள். பட்டம் படித்து வந்தவர், ஐந்தரை ஆண்டு படிப்பில் குழந்தை மருத்துவமும் படித்தவர். பாட்டிக்கு அவருடைய பேச்சில் ஒரு நம்பிக்கை இருக்கும். சித்த மருத்துவத்தில் பிணியணுகா விதி என்று நோய் வராமல் காக்கும் ஒழுங்குகளைத் தேரையர் என்ற சித்தர் பெயரால் சொல்வார்கள். முதல் நாள் வைத்த கறியை அமுதென்றாலும் உண்ணோம், பகலில் தூங்கோம் என்று போகும். மேடையில் அதைப் பாடிக் கைதட்டு வாங்குவது எளிது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடச் சொல்வதும் அதே விதியில்தான் வருகிறது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் கிழவருக்கும், சிறுநீரகம் கெட்டவருக்கும், கர்ப்பிணிக்கும் அது ஆகாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று சித்த மருத்துவரே பிரித்துச் சொன்னால் ஊர் ஏற்கும். அவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். தாழ்வாரத்துக் கடைசி அறையில் இருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய குறை.

யார் தலையில் விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். 14 ஆண்டு வேலை, ஓய்வூதியக் கணக்கு, எல்லாம் இருக்கிறது. அதனால் சில கோடுகளைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் நீங்கள் நோயாளியை அனுப்பலாம், அவரும் உங்களிடம் அனுப்பலாம். பதிவு இல்லாத பரம்பரை வைத்தியரோடு உறவு ஒருவழிப் பாதை: அவர் உங்களிடம் அனுப்பலாம், நீங்கள் அவரிடம் யாரையும் அனுப்பக் கூடாது. அவருக்கு இது வருத்தம் தரும். சட்டம் அப்படி என்று சொல்லிவிடுங்கள், ஒளிக்காதீர்கள். அவருடைய பொட்டலத்தை உங்கள் பையில் ஒருநாளும் சுமக்காதீர்கள், போகிற வழிதானே என்று கேட்டாலும். முகாமில் எந்த மருந்துக் கம்பெனியின் பதாகையும் வேண்டாம், எந்தப் பக்கத்துக் கம்பெனியாக இருந்தாலும். சர்க்கரையை அடியோடு குணமாக்குகிறேன் என்று அவர் பலகை வைத்திருந்தால், அதை இறக்கிய பிறகுதான் கூட்டு. 1954-ஆம் ஆண்டு மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலிலுள்ள 54 நோய்களில் சர்க்கரையும் ஒன்று. அந்தப் பலகைக்குக் கீழே நீங்கள் நின்று எடுத்த ஒரு புகைப்படம் போதும், உங்கள் தலையில் விழ. இன்சுலின், காசநோய் மருந்து, வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை இவற்றை நிறுத்தச் சொல்வதில்லை, தடுப்பூசியைக் குறை சொல்வதில்லை என்று அவர் வாய்மொழியாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் காமாலைத் தெருப் பெயரை வாங்கிக்கொள்வதோடு மட்டும் உறவை வைத்துக்கொள்ளுங்கள். அதுவே லாபம்தான்.

மருந்து கொடுத்தவர்தான் அந்த மருந்துக்குப் பொறுப்பு. நீங்கள் பொறுப்பாவது, தெரிந்தும் எழுதாமல் விட்டதற்கு. ஆகவே எழுதுங்கள். சித்த மருந்தால் பக்க விளைவு என்று சந்தேகம் வந்தால் அதைப் பதிவு செய்ய 2018-லிருந்து தனி ஏற்பாடு நடக்கிறது. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அதில் ஒரு மையம். படிவத்தை உங்கள் சித்த மருத்துவர் நிரப்பி அனுப்பலாம். யாரையும் பிடித்துக் கொடுப்பதற்கான படிவம் இல்லை அது என்று வைத்தியருக்கும் புரிய வையுங்கள்.

மருத்துவ அலுவலரிடம் "வைத்தியரோடு கூட்டு" என்று போய் நிற்காதீர்கள், ஒரே சொல்லில் மறுத்துவிடுவார். "காமாலைக் கண்காணிப்புக்கு ஊரில் தகவல் சொல்பவர்கள் சிலரை வைத்துக்கொள்ளலாமா?" என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளித் தலைமையாசிரியர், மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், அங்கன்வாடிப் பணியாளர், கூடவே வைத்தியர். நான்காவது பெயரில் அவர் பேனா சற்று நிற்கும். நிற்கட்டும். கையெழுத்து வந்துவிடும்.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியர் அழைக்க மாட்டார். நீங்களாகப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். நோட்டே இல்லை என்றால் 80 பக்க நோட்டு ஒன்றும் பேனா ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். துறைச் செலவில் எழுதப் பார்க்காதீர்கள், அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். சாதாரண உடையில் போங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். யோசித்தால், சீருடையிலேயே போங்கள். திண்ணையில் இருப்பவர்கள் பார்க்கட்டும், அவருக்கும் அது ஒரு மரியாதை. 7 மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அதற்குப் பிறகு அவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது.